கிருமி நீங்கிய பின் கல்லீரல்

(புதுச்சேரி ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

 



இன்று ஒரு நோயைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த நோய் நீங்கிய பிறகு வரும் காலத்தைப் பற்றி. ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் அழற்சிக் கிருமி ஒருவர் உடலில் இருபது, முப்பது ஆண்டுகள் அறியாமல் தங்கியிருக்கிறது. ஒருநாள் கண்டுபிடிக்கப்படுகிறது. மூன்று மாதம் மாத்திரை உண்கிறார். மாத்திரை முடிந்து மேலும் மூன்று மாதம் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வருகிறது. வீட்டில் மகிழ்ச்சி, ஸதகா கொடுக்கிறார்கள். மகிழ வேண்டியதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தாளை பீரோவில் வைத்துப் பூட்டியதோடு மருத்துவமனையின் வாசலையே மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிருமி போவதற்கு முன்பே கல்லீரல் சுருங்கத் தொடங்கிவிட்டவருக்கு இந்த மறதி உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கல்லீரல் சுருக்கத்திற்கு மருத்துவர்கள் வழங்கும் 'சிரோசிஸ்' என்ற பெயர் நம் ஊரை ஆண்ட நாட்டிலிருந்து வந்தது. மார்பில் வைத்துக் கேட்கும் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1819-இல் அப்பெயரை இட்டார். நோயுற்ற ஈரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் கண்டு, அந்நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை அமைத்தார். அதற்கு நான்காண்டுகள் கழித்து, 1823-இல், பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கிற்று. அந்தப் பள்ளியின் வழித்தோன்றலாகத்தான் 1964-இல் கோரிமேட்டில் ஜிப்மர் உருவாயிற்று. அந்தக் காலம் முதல் ஏறக்குறைய இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது ஒன்றே: சுருங்கிய ஈரல் மீளாது. இன்று அப்படிச் சொல்வதில்லை. அது எந்த அளவுக்கு மீளும், எந்த நிபந்தனையோடு மீளும் என்பதில்தான் நம் கவனம் வேண்டும்.

முதலில் கிருமியைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1989-இல்தான் அது அடையாளம் காணப்பட்டது. அதைக் கண்டறிந்த ஆய்வுகளுக்காக மூவர் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர். நம் நாட்டின் இரத்த வங்கிகளில் இக்கிருமிக்கான பரிசோதனை 2001-ஆம் ஆண்டுவாக்கில்தான் கட்டாயமாயிற்று. ஆகவே அதற்கு முன் பிரசவத்திலோ விபத்திலோ அறுவை சிகிச்சையிலோ இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், ஒரே ஊசியைக் கொதிநீரில் போட்டுப் பலருக்கும் குத்திய காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நலம். கிருமி புகுந்த நூறு பேரில் ஏறக்குறைய எழுபது பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. அவ்வாறு நிலைத்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேர் இருபது ஆண்டுகளுக்குள் ஈரல் சுருக்கத்தை அடைகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இந்த நோய் வந்தவர் குடிகாரராகத்தான் இருப்பார் என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். வாழ்நாளில் ஒரு துளி மது தொடாத மூதாட்டிக்கும் இது வந்திருக்கிறது. ஒரு மூஃமினைப் பற்றித் தவறான எண்ணம் கொள்வது பாவம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எகிப்து நாட்டில் நடந்தது நமக்குப் பாடம். நத்தைகள் வழியே பரவும் ஓர் ஒட்டுண்ணி நோயை ஒழிப்பதற்காக 1950-கள் முதல் 1980-கள் வரை அங்குக் கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். நல்லெண்ணத்தோடு நடந்த அப்பணியில் ஊசிகள் சரிவரத் தூய்மைப்படுத்தப்படவில்லை. அதனால் ஹெபடைடிஸ் சி நாடெங்கும் பரவிவிட்டது. 2008-இல் எடுத்த கணக்கில் 15 முதல் 59 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய பதினைந்து பேரின் இரத்தத்தில் அதன் தடயம் இருந்தது. அதே நாடு 2018 அக்டோபர் முதல் ஏழு மாதங்களில் ஏறக்குறைய ஐந்து கோடிப் பேரைப் பரிசோதித்து, நோய் கண்டவர்களுக்கு இலவசமாக மருந்து கொடுத்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் அந்நாட்டின் முயற்சியை உலகிலேயே முதலாவதாகப் பாராட்டிச் சான்றளித்தது.

எந்த நோயையும் அதற்குரிய நிவாரணம் இல்லாமல் இறைவன் இறக்கவில்லை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. புகாரி ஷரீஃபில் மருத்துவப் பாடத்தில் அது பதிவாகியுள்ளது. இந்த நோயின் நிவாரணம் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரையின் வடிவில் வந்தது. ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். பன்னிரண்டு வாரத்திற்கு எண்பத்து நான்காயிரம் டாலர்! பின்னர் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்து, 2015 முதல் இங்கேயே மிகக் குறைந்த விலையில் தயாராயிற்று. 2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிப் பரிசோதனையையும் மருந்தையும் இலவசமாக்கிற்று. ஈரல் சுருங்காதவருக்கு ஒரு கூட்டு மருந்து, சுருங்கியவருக்கு வேறு கூட்டு, வயிற்றில் நீர் கட்டும் அளவுக்கு நலிந்தவருக்கு அதனுடன் ரிபாவிரின் சேர்த்தோ இருபத்து நான்கு வாரங்களுக்கு நீட்டித்தோ கொடுப்பது என்று முறை வகுத்திருக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோருக்குக் கிருமி அடியோடு நீங்குகிறது. ஆகவே பணமில்லை என்று இந்நோயை எவரும் மறைத்து வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி உரையின் மையத்திற்கு வருவோம். கிருமி போனபின் ஈரலுக்குள் என்ன நடக்கிறது?

2011 டிசம்பர் 30 அதிகாலையில் நம் ஊரைத் தாக்கிய தானே புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புயல் சில மணி நேரத்தில் கரை கடந்து போய்விட்டது. வானம் வெளுத்தது. ஆனால் கடலூர்ப் பக்கத்துப் பலாத் தோப்புகளும் முந்திரித் தோப்புகளும் அன்று மாலையே எழுந்து நின்றுவிடவில்லை. கிளை முறிந்த மரம் மீண்டும் துளிர்த்தது. வேரோடு சாய்ந்த மரம் சாய்ந்ததுதான். புதிதாக நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆயின. ஈரலும் இவ்வாறே. கிருமி ஆண்டுக்கணக்கில் செல்களை அழிக்கும்போது, அழிந்த இடங்களை உடல் நார்த்தசையால் அடைத்துக்கொண்டே வருகிறது, அது தழும்பு. தழும்புகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகி, ஈரலைச் சிறு சிறு முடிச்சுகளாகப் பிரித்து, இரத்த ஓட்டத்தையும் தடுக்கும் நிலைதான் சுருக்கம். கிருமி நீங்கியதும் முதலில் அடங்குவது அழற்சி. சில வாரங்களிலேயே இரத்தப் பரிசோதனை எண்கள் இறங்குகின்றன, சோர்வு குறைகிறது. பிறகுதான், மிக மெதுவாக, உடல் அந்த நாரைக் கரைக்கத் தொடங்குகிறது. அது மாதங்களில் முடிவதில்லை, ஆண்டுகள் பிடிக்கும்.

பாரிஸ் நகரின் புவானார் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய இன்டர்ஃபெரான் ஊசி முறையில் சிகிச்சை பெற்றவர்களில் ஈரல் சுருக்கம் இருந்த 153 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 75 பேருக்கு, ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பின்னர் எடுத்த தசைத்துண்டுப் பரிசோதனையில் சுருக்கம் பின்வாங்கியிருந்தது. இத்தாலியின் மிலான் நகரில் கிருமி முற்றிலும் நீங்கிய 38 பேரை ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்து 2012-இல் எழுதினார்கள். நூற்றுக்கு அறுபத்தொரு பேருக்குச் சுருக்கம் பின்வாங்கியிருந்தது. இது பெரும் அருள். ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் படியுங்கள். ஐந்தாண்டுக்குப் பிறகும் நூற்றுக்கு நாற்பது பேருக்குத் தழும்பு அப்படியே இருந்தது. யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பதை முகத்தைப் பார்த்தோ பசியை வைத்தோ சொல்ல முடியாது.

ஃபைப்ரோஸ்கேன் என்றொரு கருவி இருக்கிறது. வலியில்லாமல் விலா எலும்புக்கு இடையே வைத்து ஈரலின் விறைப்பை அளக்கும் கருவி. அதுவும் பாரிஸில் பிறந்ததே. சிகிச்சைக்கு முன் இருபது கிலோபாஸ்கல் காட்டியவருக்குச் சிகிச்சைக்குப் பின் பத்து காட்டலாம். "வாப்பாவுக்குப் பாதி குறைந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை" என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இறங்கிய அந்த எண்ணில் ஒரு பங்கு அழற்சி அடங்கியதால் வந்தது. தழும்பு கரைந்ததால் மட்டும் அன்று. எனவே எண் இறங்கியதை வைத்துக் கண்காணிப்பை நிறுத்தக் கூடாது என்பதே ஈரல் மருத்துவர்களின் வழிமுறை.

எதற்குக் கண்காணிப்பு? புற்றுநோய்க்காக. சுருங்கிய ஈரலில் புற்று தோன்றும் வாய்ப்பு கிருமி நீங்கியதும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது, அற்றுப் போவதில்லை. கிருமி நீங்கிய பின்னும் சுருக்கமுள்ள நூறு பேரில் ஏறக்குறைய இருவருக்கு ஒவ்வோர் ஆண்டும் அது வருகிறது. தொடக்கத்தில் அதற்கு வலி கிடையாது, அடையாளம் கிடையாது. இரண்டு சென்டிமீட்டராக இருக்கும்போது கண்டுபிடித்தால் வெட்டியோ சுட்டோ நீக்கிவிடலாம்; வலி வந்த பிறகு போனால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே ஆறு மாதத்திற்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், மருத்துவர் சொன்னால் ஏ.எஃப்.பி. என்ற இரத்தப் பரிசோதனையும் சேர்த்து, ஆண்டுக்கு இருமுறை, வாழ்நாள் முழுதும். உணவுக்குழாயில் புடைத்த இரத்தக் குழாய்கள் இருக்கின்றனவா என்று எண்டோஸ்கோப்பி செய்யச் சொன்னால் அதையும் தட்டிக் கழிக்கக் கூடாது. கிருமி போனபின்னும் அவை வெடிக்கக்கூடும். அதற்கு மருத்துவர் கொடுக்கும் மாத்திரையை "கிருமிதான் போய்விட்டதே" என்று தாமாக நிறுத்துவது பெருந்தவறு.

இதை நோயாளியைவிடப் பிள்ளைகளுக்கே நான் சொல்கிறேன். நன்றாக இருக்கிறேன் என்பவரை ஸ்கேனுக்கு அழைத்துச் செல்வது எளிதன்று. ரமலானுக்கு முன் ஒன்று, அதிலிருந்து ஆறாவது மாதம் ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டால் மறக்காது. ஜிப்மரில் குடல், கல்லீரல் நோய்களுக்குத் தனிப் பிரிவே உள்ளது. காத்திருக்க வேண்டும்தான், ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள்.

கருத்த மலம், இரத்த வாந்தி, வயிறும் காலும் வீங்குதல், வீங்கிய வயிற்றோடு காய்ச்சல் ஆகியவை கண்டால் அன்றே போக வேண்டும். இன்னோர் அடையாளமும் உண்டு. பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறார். தொழுகையில் ரக்அத்துகளின் எண்ணிக்கை அடிக்கடி தவறுகிறது. தெரிந்த ஸூராவில் தடுமாறுகிறார். முதுமை என்று வீட்டார் நினைக்கிறார்கள். ஈரல் வடிகட்டத் தவறிய நச்சு மூளையை மந்தமாக்கும்போதும் இப்படித்தான் தொடங்கும். அதற்கு மருந்து உண்டு. பிந்தாமல் போனால் தெளிவு திரும்பும்.

உணவைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் வழக்கத்தைச் சற்று மாற்ற வேண்டியிருக்கிறது. ஈரல் நோய் என்றதும் பத்தியம். உப்பில்லாக் கஞ்சி, மோர், வேறொன்றுமில்லை. மீனும் முட்டையும் நிறுத்தப்படுகின்றன. சுருங்கிய ஈரலுடையவர் உடல் ஏற்கெனவே தன் தசையைத் தானே கரைத்துத் தின்றுகொண்டிருக்கிறது; அவருக்குப் புரதம் மற்றவரைவிடக் கூடுதலாக வேண்டும். நன்கு வேகவைத்த மீன், முட்டை, பருப்பு, பால், தயிர் எல்லாம் வேண்டும். குறைக்க வேண்டியது உப்பு: ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடை நொறுக்குகள். சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ளவர்களுக்கு, கிருமி போனாலும் ஈரலில் கொழுப்பு படிந்து தழும்பு வளரும். வாரம் மூன்று விருந்தில் நெய்ச்சோறும் பிரியாணியும் உண்பவர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சர்க்கரை குறைத்த காபி ஈரலுக்கு நன்மை செய்வதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. ஏமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்திற்காகக் குடித்த பானமல்லவா அது!

நோன்புக்கு வருகிறேன், ஒவ்வோர் ஆண்டும் எழும் கேள்வி இது. சுருங்கிய ஈரலால் சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது. அவர் ஓர் இரவு உண்ணாமலிருப்பது, நலமான மனிதர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்கு ஒப்பானது என்று அளந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் படுக்கும் முன் சிறிது உண்ணுமாறு மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் ஊரில் நோன்பு பதின்மூன்று மணி நேரத்திற்கு மேல் நீள்கிறது. சுருக்கம் இருந்தும் ஈரல் தன் வேலையைச் செய்துவரும் நிலையில் உள்ளவர், மருத்துவர் பார்த்து அனுமதித்தால், ஸஹரைத் தவறவிடாமல் நோற்கலாம். வயிற்றில் நீர், மஞ்சள் காமாலை, மயக்கம், இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று வந்தவர் நோற்கக் கூடாது என்பதே மருத்துவர்களின் கருத்து. திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தில் 184, 185-ஆம் வசனங்கள் நோயாளிக்குத் தெளிவான சலுகையை அளித்துள்ளன. பிறகு நோற்க இயலாத நிலையிலுள்ளவர் ஃபித்யாவின் முறையை ஆலிம்களிடம் கேட்டறிந்து, நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கட்டும்.

"ஒரு நாள்தானே, பிடித்துப் பாருங்கள்" என்று நோயாளியைத் தூண்டுகிற உறவினர்களுக்கு அபூதாவூதில் வரும் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவர், தமக்குக் குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது, அறியாத ஒன்றைக் கேட்டறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள்.

மருந்துக் கடையில் மூட்டு வலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இவர்களுக்கு ஆகா. சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தக் கசிவை உண்டாக்கும். பாராசிட்டமால் நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு மேல் போகக் கூடாது. தூக்க மாத்திரையும் ஆபத்து. ஈரலைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சூரணமோ லேகியமோ எதுவாயினும் மருத்துவரிடம் காட்டாமல் உண்ண வேண்டாம். கொரோனா காலத்தில் சீந்தில் உட்கொண்டவர்களில் சிலருக்கு ஈரல் பழுதானதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்துள்ளார்கள். மதுவைப் பற்றி இந்த மேடையில் தனியே சொல்ல வேண்டியதில்லை என்றாலும், தெருவுக்குத் தெரு மதுக்கடை உள்ள ஊரில் வாழ்கிறோம். சுருங்கிய ஈரலுக்குச் 'சிறிதளவு' என்ற ஒன்று கிடையாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சி-க்குத் தடுப்பூசி இன்னும் இல்லை.

வீட்டாருக்கு ஒரு சொல். இந்தக் கிருமி சாப்பாட்டால் பரவாது. ஒரே ஸஹனில் அமர்ந்து உண்பதால் பரவாது. முஸாஃபஹா செய்வதால், குழந்தையை மடியில் வைப்பதால் பரவாது. ஆனாலும் முல்லா வீதியானாலும் காஜியார் வீதியானாலும், நோயாளிக்குத் தனித்தட்டு வைக்கும் வழக்கம் நம்மிடையே நுழைந்துவிடக் கூடும். அப்படித் தட்டைப் பிரித்து வைத்திருந்தால் இன்றே சேர்த்து வையுங்கள். பரவுவது இரத்தத்தால். எனவே பிரிக்க வேண்டியவை சவரக் கத்தி, நகவெட்டி, பல்துலக்கி. மனைவி மக்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

குணமானவருக்கும் மீண்டும் தொற்றலாம். ஒருமுறை வந்து போனது பாதுகாப்பைத் தருவதில்லை. மேலும், குணமான பின்னும் 'ஆன்டிபாடி' பரிசோதனை ஆயுள் முழுதும் பாஸிட்டிவ் என்றே காட்டும். அது பழைய போரின் தடயம். கிருமி உண்டா இல்லையா என்று சொல்வது ஆர்.என்.ஏ. பரிசோதனை. வளைகுடா வேலைக்கு மருத்துவப் பரிசோதனை செய்யப்போகும் இளைஞர் இதை அறியாமல் திகைத்து, நோய் திரும்பிவிட்டதென்று அழுது வீடு திரும்ப வேண்டியதில்லை. ஆர்.என்.ஏ. அறிக்கையின் பிரதியைக் கையில் வைத்திருக்கட்டும். வேலைக்கு அது ஏற்கப்படுவதும் ஏற்கப்படாததும் அந்தந்த நாட்டின் விதி.

இறுதியாக ஹிஜாமாவும் சுன்னத்தும். குத்தி இரத்தம் எடுக்கும் ஹிஜாமாவை, சுருக்கமுள்ளவர் மருத்துவர் அனுமதியின்றிச் செய்துகொள்ள வேண்டாம். அவர்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும், கசிவு நிற்காது. மற்றவர்களும், பிரிக்காத புதுப் பிளேடையும் புதுக் கோப்பைகளையும் கண்ணால் கண்ட பிறகே முதுகைக் கொடுங்கள். பிள்ளைகளின் சுன்னத்தைத் தூய்மையான கருவிகளோடு மருத்துவரே செய்யட்டும். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்கிறவர்கள், தலை மழிக்கும் இடத்தில் ஒரே கத்தி பத்துத் தலைக்குப் போவதைக் கண்டால் விலகிக்கொள்ளுங்கள். இஹ்ராம் துணியோடு பெட்டியில் இரண்டு புதுச் சவரக் கத்திகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று பக்கத்தில் நிற்பவருக்கு.